கம்பி கட்டுகிறவன் வேட்டைக்காரனா?

சித்திரை வந்தால் நுவரெலியாவுக்கு வசந்தம். குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, கிரகரி வாவியில் படகு, கொழும்பிலிருந்து வரிசை கட்டி ஏறும் வாகனங்கள் என்று ஊரே ஒரு மாதத்துக்கு வேறு வேஷம் போட்டுக்கொள்ளும். பந்தயத் திடலின் ஒலிபெருக்கி எட்டாத மலைகளிலும் அதே நாட்களில் ஒரு வசந்தம் நடக்கிறது. விடிவதற்குச் சற்று முன், தேயிலை முடிந்து காடு தொடங்கும் ஓரத்தில் காட்டுச்சேவல் கூவும். வீட்டுச் சேவல் போல நீட்டி முழக்காது. வெட்டி வெட்டி, மூன்று துண்டாகக் கூவும். வெள்ளைக்காரத் தொரைமார் காதுக்கு அது 'ஜோர்ஜ் ஜொய்ஸ்' என்று யாரையோ பேர் சொல்லி அழைப்பதாகக் கேட்டதாம். பறவைப் புத்தகங்களில் அப்படியே எழுதியும் வைத்தார்கள். எங்கள் அப்பாயிக்கு அது 'எந்திரி, பெரட்டு' என்று கேட்டது; பெரட்டு என்றால் தோட்டத்தில் வேலைக்கு ஆள் எடுக்கும் காலைக் கூட்டம். அவரவர் கவலை அவரவர்க்கு.

இந்த முறை சித்திரையில் எனக்கு வந்த உற்சாகம் வேறு இடத்திலிருந்து வந்தது. என் தங்கை மகன் கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தில் இருக்கிறான். பொகவந்தலாவைப் பக்கத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவன். அங்கே ஒரு சேமிப்புக் கிடங்கில் வேலை. கூட வேலை செய்யும் ஒரு வெள்ளைக்காரர் பழக்கிவிட, இரண்டு மூன்று வருடமாக வசந்த காலத்தில் காட்டு வான்கோழி வேட்டைக்குப் போய் வந்துகொண்டிருந்தான். போவான், குளிரில் உட்காருவான், வெறுங்கையோடு திரும்புவான். நமக்கு இரவு, அவனுக்குக் காலை; தொலைபேசி அலறியது.

"மாமா, விழுந்திருச்சு மாமா! கை நடுக்கம் இன்னும் நிக்கல!"

அவன் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன், அவன் ஒரு மணி நேரம் சொன்னான். இருட்டோடு போய், ஒரு மேப்பிள் மரத்தில் முதுகை ஒட்டி உட்கார்ந்திருக்கிறான். கையில் ஒரு சின்ன மரப்பெட்டி. அதன் மூடியை விளிம்பில் தேய்த்தால் பெட்டை வான்கோழியின் குரல் வரும். வெளுக்கும் நேரத்தில் தேய்த்திருக்கிறான். வயலுக்கு அந்தப் பக்கத்து மரக்கூட்டத்திலிருந்து சேவல் தொண்டை உடைகிற மாதிரி பதில் கொடுத்திருக்கிறது. பிறகு வெகு நேரம் ஒன்றுமில்லை. கால் மரத்துவிட்டது. மூக்கின் மேல் ஒரு கொசு உட்கார்ந்து சாவகாசமாகக் குடிக்கிறது, விரட்ட வழியில்லை, ஏனென்றால் அந்தப் பறவையின் கண் அப்படி. கடைசியில் புல் மேட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு விசிறி எழுந்தது: வால். அப்புறம் தலை, அது வெள்ளையாகி, நீலமாகி, சிவப்பாகி நிறம் மாறிக்கொண்டே வருகிறது. மார்பில் தாடி போல ஒரு கற்றை தொங்குகிறது. "எனக்குக் கேக்குற மாதிரி என் நெஞ்சு அடிச்சுச்சு மாமா. அதுக்கும் கேட்டிருமோன்னு பயந்தேன்."

படம் அனுப்பினான். என் மனைவி பார்த்துவிட்டு, "கறி எப்படியாம்?" என்று மட்டும் கேட்டாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை ஒளிக்காமல் எழுதுவதற்குக் கொஞ்சம் தைரியம் வேண்டியிருக்கிறது. வேட்டையில் மகிழ்ச்சி உண்டு என்று ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியன் பத்திரிகையில் எழுதினால், உயிர்களிடம் அன்பு வைத்தவர்கள் ஒரு பக்கமிருந்து அடிப்பார்கள். "அப்போ நாங்க கட்டுற சுருக்குக் கம்பியும் சரிதானே சார்" என்று தோட்டத்துப் பையன்கள் மறு பக்கமிருந்து கேட்பார்கள். முதல் கூட்டத்தாரிடம் எனக்கு மரியாதை உண்டு. இரண்டாவது கூட்டத்தின் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் தாத்தா தோட்டத்துக் காவல்காரர். பங்களாத் தொரையின் துவக்கு சில விடியற்காலைகளில் அவர் தோளுக்கு வரும், கூட இரண்டு தோட்டாவும் வரும். திரும்பும்போது இரண்டுக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். 1960களின் நடுப்பகுதி அது. மாசியில் காமன் ஊன்றி, தப்புச் சத்தம் இரவெல்லாம் லயத்தைக் கலக்கும் நாட்கள். காட்டுச்சேவல்களுக்கும் அப்போதுதான் கிறுக்குப் பிடிக்கும். ஒரு காட்டோரம் ஒரு சேவலுடையது. அடுத்தவன் அங்கே கால் வைக்கக் கூடாது.

தாத்தாவிடம் மரப்பெட்டி இல்லை. தோளில் கிடக்கும் துண்டுதான் கருவி. காட்டை ஒட்டிய வடிகால் கானுக்குள் இறங்கி உட்காருவோம். தேயிலைத் தூர்களில் பனி சொட்டும், கால்சட்டை நனையும், அட்டை ஏறும். அட்டையை எடுக்க நான் கையை அசைத்தால் முழங்கையில் ஒரு கிள்ளு விழும். வெளுக்கத் தொடங்கியதும் துண்டை நாலாக மடித்து, தொடையில் படபடவென்று மூன்று நாலு தரம் தட்டுவார். கூவுமுன் சேவல் சிறகை அடித்துக்கொள்ளும் சத்தம் அச்சாக அதுவே. காட்டுக்குள் இருப்பவனுக்கு, தன் எல்லையில் எவனோ ஒருவன் வந்து நெஞ்சை நிமிர்த்துகிறான் என்று கேட்கும்.

உடனே பதில் வராது. வந்தால், தாத்தா மறுபடி தட்டமாட்டார். "ரெண்டாந்தரம் கூப்புட்டா சந்தேகப்படும்டா. அதுக்குக் கோபம் ஏறட்டும்."

அந்த இடைவெளியைத்தான் நான் இன்றுவரை மறக்கவில்லை. பதில் வந்தாயிற்று; ஆளைக் காணோம். மானாப்புல் அசைந்தால் காற்றா, அதுவா? சருகு நொறுங்கினால் எலியா, அதுவா? காது முன்னால் நீண்டுவிடும். தூரத்துப் பீலியில் தண்ணீர் விழுவது, மேல் லயத்தில் ஒரு பிள்ளை இருமுவது, எல்லாம் தனித்தனியாகக் கேட்கும். பிறகு அது நடந்து வரும். பறந்து வராது. கழுத்தைத் தாழ்த்தி, ஒரு காலைத் தூக்கி நிறுத்தி, யோசித்து, அடுத்த காலை வைக்கும். வெயிலின் முதல் கீற்று பட்டால் கழுத்து பொன்னாகவும், இறக்கை கருநீலமாகவும் எரியும். கொண்டை சிவப்பு, அதன் நடுவில் ஒரு மஞ்சள். இந்தியாவின் சிவப்புக் காட்டுக்கோழிக்கு இந்த மஞ்சள் கிடையாது. இந்தத் தீவைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இந்தப் பறவையே கிடையாது.

துவக்கு வெடித்ததும் மலை மூன்று தரம் திருப்பிச் சொல்லும். நான் ஓடிப் போய் எடுப்பேன். கையில் அந்தச் சூடும் பாரமும். பயமும் பெருமையும் கலந்து வயிற்றுக்குள் என்னவோ புரளும். அப்பாயி அதை மிளகு அரைத்துப் போட்டு வெகு நேரம் வேகவைப்பார். நார் நாராக இருக்கும், பல்லுக்கு வேலை. இருந்தாலும் பக்கத்துக் காம்பராக்களுக்கெல்லாம் ஒரு கரண்டி போகும்.

தாத்தா பல நாள் சுடாமல் திரும்பியிருக்கிறார். சேவலுக்குப் பின்னால் பெட்டை நின்றால் சுடமாட்டார், பெட்டையின் காலடியில் குஞ்சு இருக்கலாம். புல் மறைத்தால் சுடமாட்டார், தோட்டா தொரையுடையது. சில நாள் எல்லாம் சரியாக இருந்தும் துவக்கைத் தூக்கவில்லை. காரணம் நான் கேட்கவில்லை, அவர் சொல்லவுமில்லை. அந்த நாட்களிலும் எங்கள் நெஞ்சு அதே அடிதான் அடித்தது. கூப்பிட்டதற்குக் காடு பதில் சொன்னது என்பதுதான் அந்த மகிழ்ச்சியில் பெரும் பங்கு. ஒன்டாரியோவில் மரத்தடியில் உட்கார்ந்தவனும் ஒரு மணி நேரத்தில் ஐம்பத்தைந்து நிமிடம் அதைத்தான் பேசினான்.

மலைநாட்டு வேட்டை என்றால் நம் பிள்ளைகளுக்குப் பாடத்தில் கிடைப்பது சாமுவேல் பேக்கர். 1848இல் நுவரெலியாவில் குடியேறி, இங்கிலாந்திலிருந்து ஆட்களையும் மாடுகளையும் கொண்டுவந்து பண்ணை வைத்தவர். நாய்க் கூட்டத்தோடு ஹோர்ட்டன் சமவெளியில் மரைகளைத் துரத்தி, கத்தியால் குத்திக் கொன்றதை 1854இல் புத்தகமாகவே போட்டார். அவர் பெயரில் அங்கே ஒரு நீர்வீழ்ச்சி இருக்கிறது, நாம் குடும்பத்தோடு போய்ப் படம் எடுக்கிறோம். அவருக்கும் முன்னால் மேஜர் ரொஜர்ஸ். ஆயிரத்து நானூறு யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படும் மனிதர், 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். கல்லறை நுவரெலியாவில். அந்தக் கல்லறை மீதும் இடி விழுந்தது என்று ஊரில் ஒரு கதை உண்டு. மக்கள் தீர்ப்பு எழுதும் முறை அது.

இந்தத் தொரைமாருக்குத் தடம் பார்த்துச் சொன்னவன், புதர் கலைத்தவன், செத்த மரையைத் தோளில் சுமந்து பங்களாவுக்கு இறக்கியவன் ஆகியோரின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. தொரைமார் செய்தது விளையாட்டு, வீரம், வரலாறு. பின்னால் நம் ஆள் செய்தது குற்றம். நியாயத்துக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: வேட்டை மிருகங்கள் குறைவதைக் கண்டு 1894இல் முதலில் சங்கம் அமைத்தவர்களும் துவக்குத் தூக்கிய அந்தத் தோட்டத் தொரைமார்தான். இன்றைய வனஜீவராசிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதிலிருந்து வந்தது. 1937இல் வந்த விலங்கின, தாவரவினப் பாதுகாப்புச் சட்டம்தான், பல திருத்தங்களோடு, இன்றும் நம்மை ஆள்கிறது. அதன்படி இன்று காட்டுக்கோழியைச் சுட்டால் குற்றம். அது நாட்டின் தேசியப் பறவையும்கூட. சரியான சட்டம். தாத்தாவின் துண்டை நினைத்து ஏங்குகிற நானே சொல்கிறேன்.

இனி அந்தப் பையன்களின் கேள்விக்கு வருகிறேன்.

2020 மே மாதக் கடைசியில், மஸ்கெலியா நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில், மரக்கறித் தோட்டத்தோரம் பன்றிக்குக் கட்டிய கம்பியில் ஒரு கருஞ்சிறுத்தை மாட்டியது. இந்தத் தீவில் மிக அபூர்வமாகக் கண்ணில் படும் விலங்கு. கழுத்தில் சுருக்கு. மயக்க ஊசி போட்டு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். சில நாளில் செத்துவிட்டது. அது கறுப்பாக இருந்ததால் செய்தியானது. பொன்னிறத்தில் புள்ளி போட்ட சிறுத்தைகள் ஹட்டனிலும் டிக்கோயாவிலும் இதே கம்பியில் மாட்டுவதை நாம் பத்திரிகையில் நாலு வரியில் படித்துவிட்டுத் திருப்பிவிடுகிறோம்.

கம்பி என்பது பெரும்பாலும் மோட்டார் சைக்கிளின் கிளச் வயர், அல்லது பிரேக் வயர். விலங்கு நடக்கும் ஒற்றையடியில் சுருக்குப் போட்டு, வளைத்த மரக்கொம்பிலோ முளையிலோ கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம். கட்டியவன் எதையும் கூப்பிடவில்லை. எதுவும் அவனுக்குப் பதில் சொல்லவில்லை. சேவலா பெட்டையா, பன்றியா சினைப் பன்றியா, மரையா சிறுத்தையா என்று அவன் பார்க்கவில்லை. பார்க்க அவன் அங்கே இல்லை. மாட்டியது எதுவானாலும் இழுக்க இழுக்க இறுகும். சில வேளை இரவு முழுக்க, சில வேளை இரண்டு நாள். தீனிக்குள் வெடி வைக்கும் ஹக்கபட்டாஸ் இதையும்விடக் கேவலம். தாடை சிதறிய விலங்கு பட்டினியில் சாகும், வைத்தவனுக்கு அதன் கறிகூடக் கிடைக்காது.

இதற்குப் போய் 'நம்ம பாட்டன் பூட்டன் பழக்கம்' என்று பேர் வைக்கிறார்கள். என் பாட்டனை நான் பார்த்திருக்கிறேன். அவர் கானுக்குள் உட்கார்ந்து அட்டைக்கு ரத்தம் கொடுத்தார்.

ஆனால் கம்பி கட்டுகிறவனைத் திட்டிவிட்டுப் போவது சுலபம், அதை நகரத்து நண்பர்கள் போதுமான அளவு செய்கிறார்கள். லீக்ஸும் கரட்டும் உருளைக்கிழங்கும் போட்ட ஒரு துண்டு நிலத்தைப் பன்றிக் கூட்டம் ஒரே இரவில் உழுது போட்டதை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். தோட்டச் சம்பளம் போதாமல், மாலையில் குனிந்து குனிந்து வளர்த்த பயிர் அது. விற்பதற்கென்றே கம்பி கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், கசிப்புக்குத் தொட்டுக்கொள்ளக் காட்டிறைச்சி கேட்கும் கூட்டமும் இருக்கிறது. அவர்களை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

அரசாங்கம் என்ன செய்தது? 2023இல் குரங்கு, மயில், காட்டுப்பன்றி உள்ளிட்ட சில விலங்குகளைப் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து எடுத்தது. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணிக்கு, ஐந்தே நிமிடத்தில் நாடு முழுவதும் குரங்கு, மயில், மரஅணில்களை எண்ணச் சொன்னது. ஹட்டன் மூடுபனியில் ஐந்து நிமிடத்தில் நான் என் கையைக்கூட எண்ணியிருக்க முடியாது. விலங்கு பயிரை அழித்தால் கொல்லலாம் என்று கையை விரிக்கும் அரசு, எதைக் கொண்டு கொல்வது என்று சொல்வதில்லை. தோட்டத் தொழிலாளியிடம் துவக்கு இல்லை. பயிர்க்காவலுக்குத் துவக்கு கேட்கலாம் என்றால், இது என் நிலம் என்று காட்ட நிலமும் அவன் பேரில் இல்லை. அவனிடம் இருப்பது பழைய கிளச் வயர்தான். கம்பி நாட்டில் பெருகியதற்கு அந்த ஒரு காரணமே பாதி.

மருமகன் இருக்கும் ஒன்டாரியோவின் கதை இந்த இடத்தில் எனக்கு உதவுகிறது. அங்கே காட்டு வான்கோழி கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அடியோடு அற்றுப்போயிருந்தது. காட்டை வெட்டினார்கள், கட்டுப்பாடில்லாமல் சுட்டார்கள். 1984இல் அமெரிக்க மாநிலங்களிலிருந்து பறவைகளைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டார்கள். 1987இல்தான் மீண்டும் வேட்டைக்கு அனுமதி. இன்றும் அவன் நினைத்தபோது போக முடியாது. பயிற்சி வகுப்பு, பரீட்சை, உரிமம். வசந்தத்தில் ஏப்ரல் 25 முதல் மே 31 வரை. மார்பில் தாடி உள்ள பறவையை மட்டும். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் முடிவில் அரசாங்கத்துக்கு அறிக்கை. பக்கத்து அமெரிக்காவில், நம் சட்டம் வந்த அதே 1937இல், துவக்குக்கும் தோட்டாவுக்கும் விதித்த வரியை வனவிலங்குக்கே திருப்பிவிடும் சட்டம் வந்தது. வான்கோழி அங்கே மீண்டு எழுந்ததற்கு அந்தப் பணம் பெருந்துணை. வேட்டைக்காரனுடைய ஆசையிலிருந்தே பறவைக்குக் காவல் எடுத்திருக்கிறார்கள்.

அதை இங்கே அப்படியே கொண்டுவந்து நடச் சொல்லவில்லை. நமது காடு தேயிலைக்கு நடுவே துண்டு துண்டாக மிஞ்சியது. காட்டுக்கோழிக்கு உரிமம் கொடு என்று நான் கேட்கமாட்டேன். கேட்பது வேறு. ஒவ்வொரு டிவிசனிலும் தடம் தெரிந்த நாலு பேர் இன்றைக்கும் உண்டு. அந்த அறிவு இருந்தவர்களில் பலர், நம் ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தோடு கப்பலேறி கூடலூர், கோத்தகிரி என்று போய்விட்டார்கள். தாத்தாவின் கூட்டாளியும் போனார். மிச்சம் இருப்பவர்களுக்குப் பன்றி எந்தக் கானில் இறங்கும், எந்த வேலியில் நுழையும், எவன் எங்கே கம்பி கட்டுவான் என்பது மனப்பாடம். தோட்டக் கம்பனிகள் அவர்களுக்குச் சம்பளம் கொடுத்து வாரம் ஒருமுறை காட்டோரம் நடக்கவிடட்டும். டிக்கோயா டன்கெல்ட் தோட்டத்தில் சிறுத்தை ஆய்வு நிலையமே இருக்கிறது. தேயிலை மலைக்குள் சிறுத்தை வாழ்கிறது என்று கம்பனிகளுக்குத் தெரியாமல் இல்லை. அதே ஆட்களுக்கு ஒரு தொலைநோக்கிக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தால், காட்டுச்சேவலைப் பார்க்க ஐரோப்பாவிலிருந்து காசு கட்டி வருகிறவர்களை அவர்களே கூட்டிப் போவார்கள். இன்று அந்த வேலைக்கு வெளியூரிலிருந்து ஆள் வருகிறான், நம் பையன் அவன் பையைச் சுமக்கிறான். துண்டு தட்டிக் கூப்பிடுவதை மட்டும் அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். அடைகாலத்தில் தினம் தினம் சண்டைக்கு இழுத்தால் சேவல் தன் வேலையைப் பார்க்க முடியாது.

பயிருக்கு நட்டஈடும் வேலியும் இல்லாமல் இதெல்லாம் பேச்சோடு நிற்கும், அது வேறு விஷயம். மலையக எம்பிமார் அதைச் சபையில் கேட்க வேண்டும். இப்போதைக்கு உடனே செய்யக்கூடியது ஒன்று. கம்பியில் மாட்டிய விலங்கைக் கண்டவர் 1992க்கு அழைத்தால், வனஜீவராசிகள் திணைக்களம் வரும். அழைக்கத்தான் ஆளில்லை. சொன்னவனையே முதலில் விசாரிப்பார்கள் என்ற பயம். தகவல் தந்தவர் மேல் கை வைப்பதில்லை என்று திணைக்களமும் பொலிசும் தோட்டம் தோட்டமாக வந்து, பெரட்டுக் களத்தில் நின்று, தமிழில் சொல்லட்டும். கழற்றிக் கொண்டுவரும் கம்பிக்கு இவ்வளவு என்று பரிசு மட்டும் அறிவித்துவிடாதீர்கள். நம் ஆட்களை எனக்குத் தெரியும், இராத்திரியே உட்கார்ந்து புதுக் கம்பி முறுக்கிக் கொண்டுவருவார்கள். மாதச் சம்பளமாகக் கொடுங்கள்.